குளிர்கால ஆற்றுக் கெண்டை: இடம், இரை, ஈயம்

கரைக்காரன்:
வணக்கம். குளத்துக் கெண்டை பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. ஓடும் தண்ணீரில், அதுவும் குளிரில், என்ன செய்வது என்பது மட்டும் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. ஒரே இடத்தில் பேசி வைப்போமே என்றுதான் இந்த இழை. பேச வசதியாக ஓர் ஆற்றை வைத்துக்கொள்வோம்: அகலம் 40 மீட்டர், நடுவில் ஆழம் 3 மீட்டர், நீர் 6°C, மழை விட்டு மூன்று நாள், ஓட்டம் மிதம், தண்ணீர் தெளிந்துவருகிறது. மீன் சாதாக் கெண்டை. கோடையில் இரை போட்ட இடத்திலேயே குளிரிலும் மீன் நிற்குமா? இரை எவ்வளவு? இரையை அடியில் நிறுத்தும் ஈயம் உருண்டு கரைக்கே வந்தால் என்ன செய்வது? கடித்தது எப்படித் தெரியும்? தெரிந்தவர்கள் அளவோடு சொல்லுங்கள். "பொறுமை வேணும்" என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள், அது கையில் நிறையவே இருக்கிறது.

மடுவடி:
இடத்தில் ஆரம்பிப்போம். மற்ற மூன்று கேள்விக்கும் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

கெண்டைக்கு உடம்புச் சூடு என்று தனியாக ஒன்று கிடையாது, தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. 20°C-ல் நாள் முழுக்க மேய்கிற மீன் 6°C-ல் ஒரே இடத்தில் கிடக்கும். ஓட்டத்தை எதிர்த்து நின்று சாப்பிட்டால், சாப்பிட்டதைவிட நீந்திச் செலவழித்தது அதிகமாகிவிடும். அதனால் குளிரில் தேட வேண்டியது மீனின் சாப்பாட்டு இடத்தை அல்ல, படுக்கையை.

நீங்கள் சொன்ன ஆற்றில் பார்க்க வேண்டியவை: வளைவின் உட்பக்கம், பாலத்தூணின் பின்புறம், சாய்ந்து மூழ்கிய மரத்தின் கீழ்ப்பக்கம், கிளைக்கால்வாய் வந்து சேரும் வாய், படகு கட்டும் தேக்கம். வளைவின் வெளிப்பக்கம் ஆழம்தான், ஆனால் ஆறு தன் முழு வேகத்தையும் அங்கேதான் காட்டும். கரை குடைந்து வேர் தொங்கினால் ஒழிய அதை விட்டுவிடுங்கள்.

வேகத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். கரையில் 10 மீட்டர் அளந்து ஒரு சுள்ளியைப் போட்டு நொடி எண்ணுங்கள். நடு ஆற்றில் 12 நொடியில் கடந்தால், தேக்கத்தில் 50 நொடிக்கு மேல் ஆகவேண்டும். பிறகு 30 கிராம் உருண்டை ஈயத்தை இறக்கிப் பாருங்கள். உருளாமல் கிடந்தால் அடியிலும் அமைதி.

இரை விழ வேண்டியது தேக்கத்தின் நடுவில் அல்ல. வேக நீரும் மந்த நீரும் உரசுகிற கோடு மேல்மட்டத்தில் நுரையும் சருகும் வரிசை கட்டிப் போவதில் தெரியும். அந்தக் கோட்டிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் மந்தப் பக்கமாக. ஓட்டம் கொண்டுவருகிற தீனி அங்கேதான் விழுகிறது, மீன் அதிகம் அசையாமல் எடுத்துக்கொள்ளும்.

குளத்தங்கரை:
இவ்வளவு சுற்ற வேண்டுமா? நீர் 4°C-ல்தான் கனம் அதிகம். அதனால் குளிரில் அடியில் 4°C, மேலே அதைவிடக் குளிர். ஆக ஆழமான மடுவில் அடியில் வெதுவெதுப்பு இருக்கும், மீன் அங்கே. ஆழமாகப் போட்டால் வேலை முடிந்தது.

நீரோட்டம்:
அது குளத்துக் கணக்கு சார். அடுக்கடுக்காகப் பிரிய வேண்டுமானால் நீர் அசையாமல் கிடக்க வேண்டும். ஓடுகிற ஆறு மேலிருந்து கீழ்வரை கலங்கிக்கொண்டே இருக்கும். 3 மீட்டர் மடுவின் மேலேயும் அடியிலேயும் வெப்பமானி விட்டால் பெரும்பாலும் ஒரே எண்ணைத்தான் காட்டும். மடுவில் மீன் கிடைக்கிறது என்பது உண்மை. காரணம் சூடு இல்லை, அடியில் ஓட்டம் தணிந்திருப்பதுதான். ஓட்டம் அடிவரை அறுத்துக்கொண்டு போகிற மடுவும் உண்டு, அதில் ஆழம் இருந்தும் மீன் இருக்காது. அதேசமயம் ஒன்றரை மீட்டர் ஆழமே உள்ள தேக்கத்தில் பத்து மீன் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

இன்னொரு வித்தியாசம் பிராணவாயு. 20°C நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும், 10°C-ல் 11-க்கு மேல், 0°C-ல் 14.6. கோடையில் அணைக்கட்டின் கீழே நுரைக்கிற தண்ணீரைத் தேடி மீன் போவதற்கு இது ஒரு காரணம். குளிரில் எங்கும் தாராளமாக இருப்பதால் நுரைத் தண்ணீருக்கு ஒரு கவர்ச்சியும் கிடையாது.

விதிவிலக்கு ஒன்று: மின்நிலையமோ ஆலையோ சூடான நீர் விடும் வாய். அங்கே ஆற்றின் ஒரு பக்கமே இரண்டு மூன்று டிகிரி கூட இருக்கும், கெண்டை அந்தப் பட்டையை விட்டு வெளியே வராது.

குளத்தங்கரை:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பின்னீரும் கிளைக்கால்வாயும் ஓட்டமே இல்லாமல் கிடந்தால் நான் சொன்ன அடுக்கு அங்கே வருமல்லவா?

நீரோட்டம்:
வரும். ஆழமும் அமைதியும் சேர்ந்தால் வரும். ஆனால் ஆழமில்லாத பின்னீர் இரவுப் பனியில் ஆற்றைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும், வெயில் வந்தால் ஆற்றைவிடச் சீக்கிரம் சூடேறும். அதனால் மதியம் 2 மணிக்கு ஒரு மதிப்பு, காலை 7 மணிக்கு வேறு மதிப்பு. கயிற்றில் கட்டிய வெப்பமானி ஒன்று பையில் இருக்கட்டும். அடியில் ஐந்து நிமிடம் கிடக்கவிட்டு, தூக்கியவுடன் படியுங்கள்.

எண்ணைவிட முக்கியம் எண் போகிற திசை. மூன்று நாளாக 5.0, 5.4, 6.1 என்று ஏறுகிற ஆறு நல்ல ஆறு. 9-லிருந்து ஒரே இரவில் 7-க்கு விழுந்த ஆற்றில் 7 இருந்தும் பயனில்லை. நிலையாக 5 நின்றாலும் இரண்டொரு நாளில் மீன் பழகிக்கொள்ளும். உருகும் பனி ஆற்றில் இறங்கும்போது மட்டும் வெயிலை நம்பாதீர்கள். வானம் பளிச்சென்று இருக்கும், தண்ணீரின் சூடு கீழே போய்க்கொண்டிருக்கும்.

ஈயக்குண்டு:
ஈயம் உருள்றதுக்கு வர்றேன். முதல்ல எல்லாரும் பண்ற தப்பு: வீசின உடனே நரம்பை, அதாவது தூண்டில் நூலை, விறைப்பா இழுத்துக் கட்டுறது. விறைச்ச நரம்பு ஓட்டத்துக்குக் குறுக்கே நின்னா ஓட்டம் அதைத் தள்ளும், நரம்பு ஈயத்தைத் தூக்கும். 150 கிராம் போட்டாலும் நகரும்.

வேணும்னா இப்படிச் செய்ங்க. இரை விழவேண்டிய இடத்துக்கு ரெண்டு மூணு மீட்டர் ஓட்டத்தோட மேல்பக்கமா வீசுங்க. ஈயம் அடியில தட்டினதும் ரீலைத் திறந்து ரெண்டு மூணு மீட்டர் நரம்பைக் கூடுதலா விடுங்க. ஓட்டம் அதைக் கீழ்ப்பக்கமா வில் மாதிரி வளைச்சுக்கும். அப்புறம் மெதுவா, ராடு நுனி லேசா வளையுற வரைக்கும் சுத்துங்க. இப்ப இழுவை ஈயத்தை மேலே தூக்காம, அடியோட படுக்கையா இழுக்கும். இழுவை படுக்கையா வந்தா ஈயம் மண்ணைப் பிடிச்சுக்கும். அப்படி 110 கிராம் நிக்கிற இடத்துல, விறைப்பா கட்டினா 170-ம் பத்தாது.

உருண்டை ஈயம் வேண்டாம். தட்டை ஈயம், இல்லேன்னா அடியில முண்டு முண்டா இருக்கிற பிடிப்பு ஈயம். ராடு நுனியை உயரமா நிமிர்த்தி வைங்க, நரம்பு தண்ணியில கிடக்கிற நீளம் குறையும். குளிர்ல ஆத்துல வர்ற சருகு அத்தனையும் நரம்புலதான் வந்து மாட்டும்.

நரம்பு 0.35 மி.மீ. தங்கூசி போதும். கல், சிப்பி, மூழ்கின மரம் இருந்தா முன்னாடி பத்து மீட்டர் 0.45 சேர்த்துக்குங்க. ஒண்ணு மறக்காதீங்க, ஈயம் கிளிப்புலதான் இருக்கணும். எங்கயாவது சிக்கினா ஈயம் கழண்டு விழணும், மீன் கையோட வரணும். நரம்பே அறுந்தாலும் மீன் ஈயத்தை இழுத்துக்கிட்டு அலையக் கூடாது. கிளிப் மேல மாட்டுற ரப்பர் வாலை முழுசா அழுத்தி ஏத்திட்டா ஈயம் கழலாது. பாதிதான் ஏத்தணும்.

புதுமுள்:
ஈயக்குண்டு அண்ணே, முள்ளும் முடிச்சும் சொல்லலையே? ஹேர் ரிக் (இரையை முள்ளில் குத்தாமல் பக்கத்தில் தனி நரம்பில் தொங்கவிடும் கட்டு) கட்டினால் முள் சில நேரம் திரும்பாமல் வெளியே வந்துவிடுகிறது என்கிறார்கள். ஏன்?

ஈயக்குண்டு:
பத்துல எட்டு தடவை காரணம் ஒண்ணே ஒண்ணு தம்பி: நரம்பை முள் வளையத்துல தப்பான பக்கமா நுழைச்சிருப்பாங்க.

முள் 8-ம் எண், சின்ன இரைக்கு 10. உறை போட்ட பின்னல் நரம்பு 25 செ.மீ. வெட்டு. ஒரு நுனியில சின்னக் கண்ணி போடு, இரையை ஊசியால கோத்து அதுல மாட்டு. முள்ளோட வளைவுக்கும் இரைக்கும் நடுவுல 5 மி.மீ. இடைவெளி இருக்கிற மாதிரி பிடி. மறுநுனியை முள் வளையத்துக்குள்ள முதுகுப் பக்கத்துல இருந்து நுழை. முதுகுப் பக்கம்னா முள் கூர் இருக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். அப்புறம் தண்டையும் இரை நரம்பையும் சேர்த்து ஏழு எட்டு சுத்து, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம நெருக்கமா. கடைசியா அதே நுனியை மறுபடி முதுகுப் பக்கத்துல இருந்தே வளையத்துக்குள்ள விடு. எச்சில் தொட்டு நனைச்சு இறுக்கு. நனைக்காம இறுக்கினா சூடு பட்டு நரம்பு பலம் போயிடும்.

இப்படிக் கட்டினா நரம்பு கூர் இருக்கிற பக்கமா வெளிய வரும், இழுத்ததும் கூர் கீழே திரும்பிக் குத்தும். கடைசி நுழைவை முன்பக்கமா விட்டா கூர் மேல் நோக்கியே நிக்கும், வாயைத் தடவிட்டு வெளிய வந்துடும். உள்ளங்கையில முள்ளை வெச்சு மெதுவா இழுத்துப் பாரு. திரும்பிச் சதையில உரசினா சரி. (உரசினதும் நிறுத்து!)

கட்டி முடிச்சதும் ஈயத்துல இருந்து முள் வரைக்கும் இருக்கிற இணைப்பு நீளம் ஓட்டத்துல 12 இல்ல 15 செ.மீ. போதும். 25 வெச்சா இரை ஆடிக்கிட்டே இருக்கும், சோம்பிக் கிடக்கிற மீன் ஆடுறதைத் துரத்தாது.

மடுவடி:
ஒரு பக்கக் குறிப்பு: இந்த ரிக்கின் பெயரில் உள்ள 'ஹேர்' அலங்காரத்துக்கு வைத்ததல்ல. லென் மிடில்டன், கெவின் மேடாக்ஸ் என்ற இரண்டு கெண்டைத் தூண்டில்காரர்கள் இங்கிலாந்தில் இதைச் சோதித்தபோது தொடக்கத்தில் உண்மையான தலைமுடியில்தான் இரையைக் கட்டிப் பார்த்தார்கள். 1980களில்தான் எல்லோர் கைக்கும் வந்தது. கெண்டை இரையை வாய்க்குள் உறிஞ்சிப் பார்த்துத் துப்பும். இரை முள்ளில் இல்லாமல் முள்ளுக்குப் பக்கத்தில் இருந்தால் துப்பும்போது முள் பின்தங்கி உதட்டில் மாட்டும். குளிரில் மீன் உறிஞ்சுகிற விசையே குறைவு. அதனால்தான் சின்ன முள், சின்ன இரை.

சோளமணி:
இரை பற்றி யாரும் தொடவில்லை, நான் எழுதுகிறேன்.

கெண்டைக்கு இரைப்பை கிடையாது. தொண்டைப் பல்லால் அரைத்தது நேராகக் குடலுக்குப் போகும். கோடையில் சில மணி நேரத்தில் கடந்துபோவது 6°C-ல் மிகவும் மெதுவாகும். ஒரு கிலோ இரை கொட்டினால் அதில் பத்து உருண்டை தின்ற மீன் அன்றைக்கு மறுபடி வாய் திறக்காது. முள்ளில் இருப்பதை மீன் எடுக்க வேண்டுமானால், கொட்டியதில் நூற்றில் ஒன்றாக அந்த இரை இருக்கக் கூடாது.

அளவு இது: முள்ளில் 10 அல்லது 12 மி.மீ. பாய்லி (மாவும் முட்டையும் பிசைந்து வேகவைத்த இரை உருண்டை) ஒன்று, அல்லது சோளமணி இரண்டு. கூடவே எலுமிச்சை அளவு பிவிஏ பை (தண்ணீரில் கரைந்துபோகும் பை), உள்ளே நொறுக்கிய பாய்லியும் நாலைந்து சோளமும். அவ்வளவுதான் முதல் வீச்சு. கடி வந்தால் இன்னொரு பை. கடி இல்லையென்றால் இரையைக் கூட்டாதீர்கள், இடத்தை மாற்றுங்கள்.

நொறுக்குவதற்குக் காரணம் உண்டு. முழு உருண்டையின் தோல் வழியாகக் குளிர்நீரில் வாசம் மெதுவாகக் கசியும். உடைந்த பக்கம் உடனே கசியும். முள்ளில் போடுவதையும் இரண்டு ஓரம் சீவிவிடலாம்.

எண்ணெய் வேண்டாம். கோடையில் மேலே எழும்பிப் பரவுகிற மீன் எண்ணெய் இந்தக் குளிரில் கெட்டியாகி இரையோடு ஒட்டிக்கொள்ளும். நீரில் கரைகிற திரவங்கள்தான் பரவும்.

நீரோட்டம்:
எண்ணெய் சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு மீன்மாவு பாய்லியையே குளிரில் தள்ளிவைத்துவிடுவார்கள். அது தேவையில்லை. எண்ணெய் குறைந்த, நீரில் கரையும் புரதம் உள்ள மீன்மாவு உருண்டை குளிரிலும் வேலை செய்யும். தள்ள வேண்டியது எண்ணெயை மட்டும்.

சோளமணி:
ஒத்துக்கொள்கிறேன், அவசரமாக எழுதிவிட்டேன். பிவிஏ பற்றியும் ஒன்று விட்டுப்போயிற்று: குளிர்நீரில் அது கரைய நேரமாகும். கோடையில் ஒரு நிமிடத்தில் கரைந்து இரையை விட்ட அதே பை இப்போது பல நிமிடம் இரையைப் பொதிந்துகொண்டே கிடக்கும். வீசும் முன் ஒரு குவளையில் ஆற்று நீரையே மொண்டு பையை அதில் போட்டுக் கடிகாரம் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் பார்த்தால் ஏமாறுவீர்கள். சோளத்தின் ஈரம் பையை வீசுவதற்கு முன்னரே கரைத்துவிடும் என்பது இன்னொரு தொல்லை. சோளத்தை வடிகட்டி உப்பில் புரட்டி அரைமணி நேரம் வைத்தால், கசிகிற உப்புநீர் பையைக் கரைக்காது.

ஈப்புழு கிடைத்தால் குளிருக்கு அதைவிட நல்ல இரை இல்லை. சிறுமீன் தொல்லை குளிரில் குறைவு என்பதால் கோடையில் நிற்காத புழு இப்போது முள்ளில் நிற்கும். மெல்லிய வளையத்தில் ஏழெட்டைக் கோத்து ஹேரில் மாட்டுங்கள். தலைப்பக்கம் அல்ல, தடித்த முனையில் தோலை மட்டும் குத்தினால் நெளிந்துகொண்டே இருக்கும்.

புதுமுள்:
தண்ணீர் தெளிவாக இருந்தால் நிறம் முக்கியமா?

சோளமணி:
ஓரளவுக்கு. மஞ்சளோ வெள்ளையோ இளஞ்சிவப்போ ஒரே ஓர் இரை, சுற்றிலும் மங்கலான நொறுக்கு. சோளம் நன்றாக வேலை செய்வதற்கு அதன் நிறமும் ஒரு காரணம். கலங்கல் நீரில் நிறத்தை மறந்துவிட்டு வாசத்தைப் பாருங்கள்.

கரைக்காரன்:
கடிப்பது எப்படித் தெரியும் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

ஈயக்குண்டு:
ரீல் அலற ஓடுற கடியைக் குளிர்ல எதிர்பார்க்காதீங்க. மீன் இரையை எடுத்து அரை மீட்டர் நகரும், அவ்வளவுதான். வில்லா விட்ட நரம்புல அது ரெண்டு விதமாத் தெரியும். ஒண்ணு, நுனி ரெண்டு தடவை டக் டக்னு தலையாட்டும். இன்னொண்ணு, வளைஞ்சிருந்த நுனி சட்டுனு நிமிர்ந்து நரம்பு தொய்யும். மீன் ஈயத்தை அசைச்சதும் ஓட்டம் அதை உருட்டிடும், அதான். தொய்வுதான் ஆத்துல அதிகம் வர்ற கடி, "நரம்பு தளர்ந்துபோச்சு, மறுபடி இறுக்குவோம்"னு நினைச்சு விட்டுடறதும் அதைத்தான்.

சருகு மாட்டினா வேற மாதிரி: நுனி மெதுவா, விடாம வளைஞ்சுக்கிட்டே போகும். தலையாட்டாது.

தொய்ஞ்சதும் வெடுக்குனு இழுக்காதீங்க, காத்தைத்தான் இழுப்பீங்க. நரம்பு இறுகுற வரைக்கும் வேகமாச் சுத்துங்க, கனம் தெரிஞ்சதும் ராடைப் பக்கவாட்டுல நிதானமாத் தூக்குங்க. கடி வந்தா ஒலிக்கிற அலாரத்தைக் கூடின நுண்ணுணர்வுல வைங்க, பேட்டரி குளிர்ல சீக்கிரம் இறங்கும், மாத்துக்கு ஒண்ணு வேணும். ராடு வளையத்துல பனி உறைஞ்சா நகத்தால சுரண்டாதீங்க, தண்ணியில முக்கி எடுத்தாப் போதும்.

மடுவடி:
நேரத்தையும் சேர்த்துவிடுவோம். வெயில் அடித்த நாளில் ஆற்று நீர் உச்சத்துக்கு வருவது பிற்பகலில். மதியம் 1 மணியிலிருந்து இருட்டிய பின் ஒரு மணி நேரம் வரை முழுக் கவனம் வேண்டும். விடியற்காலைதான் கெண்டை நேரம் என்ற கோடைப் பழக்கத்தை விட்டுவிடலாம்.

கலங்கி ஏறும் ஆற்றில் உட்காருவதும் வீண். குப்பை, குளிர்நீர், இடம் மாறும் மீன். ஏற்றம் நின்று, நீர் இறங்கத் தொடங்கி, கரையோரம் ஒரு சாண் ஆழம்வரை கண்ணுக்குத் தெரிகிற நாள்தான் சரியான நாள். கரைக்காரன் சொன்ன ஆறு ஏறத்தாழ அந்த நிலையில்தான் இருக்கிறது.

வெள்ளிச்செதில்:
மீனைக் கையாள்வது பற்றி. காற்று 0°C-க்குக் கீழே இருந்தால் மீனைத் தண்ணீரைவிட்டு வெளியே எடுக்காதீர்கள். ஈரச் செவுளில் பனி படிந்தால் அந்த மெல்லிய இழைகள் கெடும், கண்ணுக்கும் அதே ஆபத்து. வலையிலேயே நீரில் வைத்து முள்ளைக் கழற்றுங்கள். முள் கழற்றும் இடுக்கி கழுத்தில் தொங்கட்டும், பையில் தேடாதீர்கள். குளிர் குறைவான நாளில் மீனைக் கிடத்தும் பாயில் வைக்க வேண்டியிருந்தால், மீன் வரும் நொடியில் ஒரு வாளி ஆற்று நீரைப் பாயில் ஊற்றுங்கள். காலையில் நனைத்துவைத்த பாய் மதியத்துக்குள் காய்ந்து உப்புத்தாள்போல ஆகியிருக்கும், வழவழப்புப் படலத்தை அப்படியே உரித்துவிடும்.

விடும்போது ஓட்டத்தில் விடாதீர்கள். தேக்கத்தில், தலை ஓட்டத்தின் மேல்பக்கம் பார்க்க, வாலைத் தானாக அடிக்கும்வரை தாங்குங்கள். குளிர்ந்த மீன் நிதானமாகத்தான் போகும், தள்ளாதீர்கள்.

நீரோட்டம்:
கூடாரம் போடுபவர்களுக்கு இரண்டு வரி. மூடிய கூடாரத்துக்குள் எரிவாயு அடுப்போ கரியோ வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. குளிர்நீரில் விழுந்தால் முதல் நிமிடத்தில் மூச்சு கட்டுப்பாட்டில் இருக்காது, நீச்சல் தெரிந்தும் பயன்படாது. மிதவைச் சட்டை போட்டுக்கொண்டே வலையை எடுங்கள். உங்கள் ஆற்றில் தடைக்காலம், உரிமச் சீட்டு எப்படி என்பதையும் போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. வளைவின் உட்பக்கத் தேக்கமும் தூணின் பின்புறத் தேக்கமும், சுள்ளிக் கணக்கிலும் ஈயக் கணக்கிலும் ஒன்றுபோலவே வந்தால் எதை முதலில் எடுப்பது?

மடுவடி:
அடியைப் பாருங்கள். வெறும் ஈயத்தை வீசி மெதுவாக இழுத்தால் நரம்பே சொல்லும். கடகடவென்று விரலில் அதிர்ந்தால் சரளை. வழுக்கிக்கொண்டு வந்தால் மணல் அல்லது கெட்டி மண். முதலில் பிடித்து, பிறகு பிய்த்துக்கொண்டு வந்தால் வண்டல். பஞ்சுபோல இழுத்து, ஈயத்தில் கருப்புச் சருகு ஒட்டி வந்தால் முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் இலையுதிர் குப்பை அத்தனையும் அங்கே தேங்கி அழுகிக்கொண்டிருக்கிறது. ஓட்டம் எவ்வளவு சாதகமாக இருந்தாலும் அதில் இரை போட்டால் புதையும், நாறும், மீனும் ஒதுங்கும். வளைவின் உட்பக்கத்தில் இந்தக் கோளாறு அடிக்கடி வரும். தூணுக்குப் பின்னால் சுழி குப்பையைக் கிளப்பிவிடுவதால் பெரும்பாலும் அடி சுத்தமாக இருக்கும்.

இரண்டும் சுத்தம் என்றால் வெயில் படுகிற பக்கத்தை எடுங்கள். தூணுக்குப் போட்டால் ஈயத்தைத் தூணிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி இறக்குங்கள், அடியில் கல் அடுக்கியிருப்பார்கள்.